மெரினா மணலா, கிரவுண்டா, ஜிம்மா? வாரம் நான்கு மணி நேரம் மட்டுமே உள்ள கிரிக்கெட் லீக் வீரர்களுக்கு

கிரிக்கெட் லீக் தொடங்க எட்டு வாரம் இருக்கிறது. கல்லூரியோ வேலையோ போக, நெட்ஸும் போக, உடம்புக்கென்று வாரத்தில் நான்கு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. சென்னையில் அந்த நேரம் வழக்கமாக மூன்று இடங்களில் ஒன்றுக்குப் போகிறது: விடியற்காலை மெரினா அல்லது பெசன்ட் நகர் மணலில் ஓட்டம், ஏதாவது ஒரு மைதானத்தில் ஸ்பிரின்ட், வீட்டுக்குப் பக்கத்துத் தெரு ஜிம். மூன்றுமே நல்லவைதான். ஆனால் மூன்றும் உடம்புக்குக் கொடுப்பது ஒன்றல்ல. நேரம் குறைவாக உள்ளவர் தவறானதை முதலில் எடுத்தால் எட்டு வாரம் வியர்வை சிந்தியும் முதல் மேட்ச்சிலேயே ஹாம்ஸ்ட்ரிங்கை (பின்தொடைத் தசையை) பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாரம் இரண்டு நாள் பளு, ஒன்று அல்லது இரண்டு நாள் மைதான ஸ்பிரின்ட். மணல், மிச்சம் நேரம் இருந்தால். சென்னையில் பெரும்பாலான அணிகள் செய்வது இதற்கு நேர் தலைகீழ்.

மேட்ச் உடம்பிடம் என்ன கேட்கிறது?

ஒரு ரன்னுக்கு ஓடும் தூரம், கிரீஸுக்குக் கிரீஸ், 58 அடி, அதாவது 17.68 மீட்டர். மூன்று ரன் ஓடினால் 53 மீட்டர், நடுவில் இரண்டு முறை முழுவேகத்திலிருந்து நின்று திரும்ப வேண்டும். கவரில் ஃபீல்டிங் நிற்பவர் ஐந்து ஓவர் சும்மா நின்றுவிட்டுத் திடீரென்று 15 மீட்டர் பாய்கிறார். சர்வதேச ஆட்டங்களில் ஜிபிஎஸ் கட்டி அளந்தபோது, டெஸ்ட்டில் ஒரு நாள் முழுக்கக் களத்தில் நிற்கும் வேகப்பந்து வீச்சாளர் 20 கிலோமீட்டருக்கு மேல் நகர்கிறார் என்று தெரிந்தது. அதில் மிகப் பெரும்பங்கு நடை. ஆட்டத்தைத் தீர்மானிப்பது மீதியுள்ள சிறு பங்குதான்: ரன்-அப், பாய்ச்சல், திடீர் நிறுத்தம், திருப்பம்.

ஆகவே ஒரே வேகத்தில் நாற்பது நிமிடம் ஓடும் திறமைக்குக் கிரிக்கெட்டில் இடம் குறைவு. வேகமாகக் கிளம்பி, நின்று, மூச்சைச் சீக்கிரம் மீட்டு, மாலை ஐந்து மணிக்கும் அதையே செய்ய முடிகிற உடம்புதான் வேண்டும். மூன்று வழிகளையும் இந்த அளவுகோலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மணல்

உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் சூரியன் எழும் நேரத்தில் போய்ப் பார்த்தால், வரிசையாக ஓடும் அகாடமிப் பையன்கள் இல்லாத நாள் கிடையாது. காசு கிடையாது, இடம் தாராளம், காற்று உண்டு. பத்து நிமிடத்திலேயே கால்களைக் கடுக்க வைப்பதால் நல்ல பயிற்சி செய்த திருப்தியும் உடனே கிடைக்கிறது.

அந்தத் திருப்திதான் ஏமாற்றுகிறது. உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையில் அதே வேகத்தில் ஓடுவதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. கால் புதையும்போது மணல் அந்த விசையை விழுங்கிவிடுவதே காரணம். தரையில் ஓடும்போது குதிகால் நாண் ரப்பர் போல இழுபட்டு, அடுத்த அடிக்கு உந்துதலைத் திருப்பித் தருகிறது. மணலில் அது நடப்பதில்லை. பாதம் தரையில் இருக்கும் நேரம் நீள்கிறது. மூச்சுக்கு நல்ல வேலை, வேகத்துக்குத் தவறான பழக்கம். வாரம் நான்கு நாள் மணலில் ஓடிய பையன் இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது கனமாகத் தெரிவது அதனால்தான்.

காயங்களும் தனி ரகம். தண்ணீர் ஓரத்துக் கெட்டி மணல் ஓடச் சுகமாக இருக்கும், ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. ஒரே திசையில் மூன்று கிலோமீட்டர் போனால் ஒரு கால் பள்ளத்திலும் மற்றது மேட்டிலும் ஓடிக்கொண்டே இருக்கும். முட்டியின் வெளிப்பக்கமும் இடுப்பும் முதலில் வலிக்கும். போன தூரமே திரும்பி வர வேண்டும், அதுவும் அதே தடத்தில். மேல் மணலில் வெறுங்காலோடு ஓடினால் கெண்டைக்காலும் குதிகால் நாணும் இழுபடும். கண்ணாடித் துண்டும் தூண்டில் முள்ளும் வேறு கிடக்கும். ஷூ போட்டே ஓடுங்கள். முதல் வாரம் 10 நிமிடம், பிறகு வாரத்துக்கு 3, 4 நிமிடம் கூட்டி 25 நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

மணலுக்கென்று நியாயமான இடமும் உண்டு. தரையில் பாதம் இறங்கும் அதிர்ச்சி மணலில் குறைவு. அதனால் கணுக்காலோ முட்டியோ தேறிக்கொண்டிருப்பவர், மருத்துவர் அனுமதித்த பிறகு, முதல் இரண்டு வாரம் மணலில் நடந்தும் மெல்ல ஓடியும் பழகலாம். 15 மீட்டர் மணல் ஸ்பிரின்ட் ஆறு, வாரம் ஒரு நாள் என்றால் இடுப்புத் தசைக்கும் தொடைக்கும் நல்லது. முழுப் பயிற்சியையும் அதன் தலையில் கட்டுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

மைதானம்

சோமசுந்தரம் மைதானமோ கல்லூரி மைதானமோ, எதுவானாலும் ஒரு சுண்ணாம்புக் கோடு, ஒரு பேட், ஒரு கைக்கடிகாரம் போதும். நேரு ஸ்டேடியம் போல சிந்தெடிக் டிராக் கிடைப்பவருக்கு, கீழே வரும் 2 கிலோமீட்டர் தேர்வோட்டத்தின் கணக்கு சுலபம். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் 12 நிமிடம் வார்ம்-அப்: மெல்லோட்டம், கால் வீச்சு, முட்டி உயர்த்தி நடை, கடைசியாக 30 மீட்டர் மூன்று முறை, அரை வேகம், முக்கால் வேகம், கிட்டத்தட்ட முழு வேகம் என்று. இதைத் தாண்டிக் குதிப்பவருக்குத்தான் முதல் பாய்ச்சலிலேயே 'டக்' என்று பின்தொடையில் சத்தம் கேட்கும்.

பிறகு நின்ற நிலையிலிருந்து 20 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்றரை நிமிடம் முழு ஓய்வு. இந்த ஓய்வைக் குறைக்காதீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டே ஓடினால் அது வேகப் பயிற்சியாக இருக்காது. எட்டாவது வாரத்தில் பத்து முறைக்கு வரலாம். அடுத்து காலில் பேடு கட்டி, கையில் பேட்டோடு, 17.68 மீட்டரில் 'ரெண்டு ரன்' ஆறு முறை, இடையில் 40 விநாடி. முதல் வாரம் ஒரு செட், நான்காவது வாரத்திலிருந்து இரண்டு செட். திரும்பும் இடத்தில்தான் ரன் அவுட் தீர்மானமாகிறது. கடைசி மூன்று அடியைச் சின்னதாக்கி, இடுப்பைத் தாழ்த்தி, பேட்டைத் தரையில் சறுக்கவிட்டு, பந்து இருக்கும் பக்கம் முகம் வருமாறு திரும்ப வேண்டும். பாதிப் பேர் எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்புகிறார்கள். இரண்டு பக்கமும் எண்ணிப் பழகுங்கள்.

மூச்சுக்கு, வேறொரு நாளில், 15 விநாடி ஓட்டம் 15 விநாடி நடை. அந்த 15 விநாடியில் 65 முதல் 70 மீட்டர் போக வேண்டும். பத்து முறை, மூன்று நிமிட ஓய்வு, மறுபடி பத்து. மொத்தம் 13 நிமிடம். மணலில் 40 நிமிடம் ஓடுவதைவிடக் கிரிக்கெட்டுக்கு இது பயன்.

அணித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், உடல்தகுதிச் சோதனைக்கு யோ-யோ ஓட்டமா, 2 கிலோமீட்டர் ஓட்டமா என்று கேட்பார்கள். இந்திய கிரிக்கெட் வாரியம் 2021இல் சேர்த்த 2 கி.மீ. ஓட்டத்தில் அப்போது வைத்த இலக்கு, வேகப்பந்து வீச்சாளருக்கு 8 நிமிடம் 15 விநாடி, மற்றவர்களுக்கு 8 நிமிடம் 30 விநாடி. 400 மீட்டர் டிராக்கில் ஐந்து சுற்று: சுற்றுக்கு 99 விநாடி அல்லது 102 விநாடி. பெரும்பாலோர் முதல் சுற்றை 85இல் ஓடிவிட்டு நான்காவதில் விழுகிறார்கள். யோ-யோவில் 20 மீட்டர் போய் வந்து 10 விநாடி நடை. 16.1 என்ற நிலையை எட்ட அப்படி 28 முறை, மொத்தம் 1,120 மீட்டர். கடைசியில் வேகம் மணிக்கு 15.5 கிலோமீட்டர். தூரம் பார்த்தால் சாதாரணம், 28 திருப்பங்கள்தான் காலை உடைக்கின்றன. சாலையில் நேராக மட்டும் ஓடிப் பழகியவர் இதில் தோற்பதன் காரணம் அதுதான். 15/15 பயிற்சியில் பாதியை 20 மீட்டர் திருப்பங்களோடு செய்தால் இரண்டு தேர்வுக்கும் உதவும்.

மைதானத்தின் குறை தரை. மழை விட்டு மூன்று மாதம் ஆனால் சென்னைப் புல் செங்கல்லாகிவிடும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தொடங்கினால் ஸ்பைக்ஸை விட்டு ஓட்டத்துக்கான ஷூவுக்கு மாறி, ஒரு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

ஜிம்

இங்கேதான் அதிக நேரம் போக வேண்டும், இங்கேதான் அதிகத் தவறும் நடக்கிறது. தெரு ஜிம்மில் சேர்ந்ததும் கிடைப்பது உடலழகு அட்டவணை: திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் கை. கால், வாரம் ஒரு நாள், அதுவும் வராத நாள். கிரிக்கெட் முழுக்கக் காலிலும் இடுப்பிலும் இருக்கிறது. பெஞ்ச் பிரஸ் மட்டும் ஏற்றி மார்பு இறுகினால் தோள் முன்னால் வளையும், கை மேலே போகும் பாதை குறுகும், எறிதலில் வலி வரும். ஒரு தள்ளும் பயிற்சிக்கு இரண்டு இழுக்கும் பயிற்சி என்று வைத்துக்கொண்டால் இது வராது.

வாரம் இரண்டு நாள், ஐம்பது நிமிடம் போதும். முதல் நாள்: ஸ்குவாட் (பளுவோடு உட்கார்ந்து எழுதல்) 6 முறை மூன்று செட், ஒற்றைக்கால் ஸ்பிளிட் ஸ்குவாட் காலுக்கு 8 மூன்று செட், டம்பெல் ரோ 10 மூன்று செட், புஷ்-அப் இரண்டு செட், சைட் பிளாங்க் பக்கத்துக்கு 30 விநாடி மூன்று. இரண்டாம் நாள்: ருமேனியன் டெட்லிஃப்ட் (முட்டியைச் சற்றே மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து பளு தூக்குவது) 8 மூன்று செட், புல்-அப் முடிந்தவரை மூன்று செட், ஒற்றைக்கால் கெண்டைக்கால் உயர்த்தல் 12 மூன்று செட், இரண்டு கையிலும் கனமான டம்பெல்லோடு 20 மீட்டர் நடை நான்கு, கடைசியில் நார்டிக் (செய்முறை கீழே). எடை எவ்வளவு? இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற இடத்தில் செட்டை நிறுத்தும் அளவு. எல்லாச் செட்டும் சுத்தமாக முடிந்தால் அடுத்த வாரம் 2.5 கிலோ ஏற்றுங்கள்.

நார்டிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்டியிட்டு, நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முட்டியிலிருந்து தலைவரை நேர்க்கோடாக, மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்து, தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்ற வேண்டும். காசில்லாத பயிற்சி. பல விளையாட்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இதைச் செய்யும் அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. முதல் வாரம் 4 முறை இரண்டு செட்டுக்கு மேல் வேண்டாம். மீறினால் மூன்று நாள் உட்கார முடியாத வலி வரும். எட்டாவது வாரத்துக்குள் 6 முறை மூன்று செட். மேட்ச்சுக்கு முந்தின நாள் கூடவே கூடாது. கனமான கால் பயிற்சிக்கும் மேட்ச்சுக்கும் நடுவில் முழுதாக இரண்டு நாள் இடைவெளி வேண்டும்.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று: 14 வயதுப் பையன் பளு தூக்கினால் உயரம் நின்றுவிடுமா? நிற்காது. மேற்பார்வையோடு, சரியான முறையில், மெல்ல ஏற்றப்படும் பளு வளரும் எலும்புக்கு நல்லதுதான். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஓவர்களின் எண்ணிக்கையில்.

வேகப்பந்து வீசுபவருக்குக் கணக்கு வேறு

முன்கால் ஊன்றும் கணத்தில் உடல் எடையின் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் விசை காலுக்குள் ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. அதன் கூலியை, முறிவாக, வாங்குவது இடுப்புப் பகுதி முதுகெலும்பின் கடைசி இரண்டு எலும்புகள், பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973இல் இதே முறிவால் ஆட்டத்தை விட்டு விலகி, உடம்பைத் திரும்பக் கட்டி இங்கிலாந்துக்கு எதிரான 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்தார். சேத்துப்பட்டில் 1987இல் தொடங்கிய வேகப்பந்துப் பயிற்சிக்கூடமான எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷனில் அவரே வந்து பயிற்றுவித்தது இந்த ஊரின் பாக்கியம். உடம்பைத் தயார் செய்யாமல் வேகம் வீசக் கூடாது என்பதை அனுபவித்து அறிந்தவர் அவர்.

ஜிம்மோ ஓட்டமோ பந்து வீசுவதற்கு ஈடாகாது. எலும்பு அந்தக் குறிப்பிட்ட சுமைக்குத்தான் பழக வேண்டும், மெல்லத்தான் பழகும். எட்டு வாரத்தின் தொடக்கத்தில் வாரம் மூன்று நாள், நாளுக்கு 24 பந்து, முக்கால் வேகம். வாரத்துக்கு மொத்தம் 10, 12 பந்து கூட்டி, கடைசி வாரங்களில் 150 பந்து அளவுக்கு முழு வேகத்தில் வரலாம். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் 200 பந்து வீசுவதுதான் முறிவுக்கு நேர் வழி.

சென்னையின் தனிப் பிரச்சினை, பள்ளிக்கு ஒரு பயிற்சியாளர், அகாடமிக்கு ஒருவர், லீக் அணிக்கு இன்னொருவர், போதாததற்குத் தெருவில் டென்னிஸ் பந்து. ஒவ்வொருவரும் தன் நாற்பது பந்தை மட்டும் எண்ணுகிறார். மொத்தத்தை யாரும் எண்ணுவதில்லை. ஒரு நோட்டில் பையனே எழுத வேண்டும்: தேதி, எத்தனை பந்து, பிட்ச் சிமென்ட்டா, பாய் விரித்த மேட்டிங்கா, புல்தரை டர்ஃபா. சிமென்ட்டில் வீசிய பந்துகள் உடம்புக்குக் கூடுதல் செலவு. கீழ் முதுகில் ஒரு பக்கம் மட்டும், ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளைந்தால் குத்தும் வலி இருந்தால் அன்றே பந்தைக் கீழே வைத்துவிட்டு விளையாட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். வலி மாத்திரை போட்டு மேட்ச் ஆடிய பையன்கள் சீக்கிரம் தீர வேண்டியதை மாதக்கணக்கில் இழுத்துக்கொள்கிறார்கள்.

வெயில்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இது கூடவே வரும். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 எடுத்தார். தசைப்பிடிப்போடும் வாந்தியோடும் ஆடி முடித்து, பிறகு மருத்துவமனையில் அவருக்குச் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. 1997 மே 21 அன்று அதே மைதானத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 எடுத்தபோது, தசைப்பிடிப்பால் ஓட முடியாத அவருக்காக ரன் ஓடியவர் அஃப்ரிடி. ஜோன்ஸ், அன்வர் இருவருமே சர்வதேச ஆட்டக்காரர்கள். சென்னையில் வெப்பத்தைவிட ஈரப்பதம் கொடியது. வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, உடம்பு குளிர்வதில்லை.

பழக்கம் வர 10 முதல் 14 நாள் ஆகும். ஏசி ஜிம்மில் மட்டும் பயிற்சி செய்தவருக்கு அது வராது. ஜிம்முக்கு எதிரான ஒரே பெரிய குற்றச்சாட்டு இதுதான். கடைசி இரண்டு வாரம் மைதானப் பயிற்சியை மேட்ச் நேரத்துக்கு நகர்த்துங்கள், முதல் நாள் 20 நிமிடத்தில் தொடங்கி.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எடை மெஷின் போதும். பயிற்சிக்கு முன் 68 கிலோ, பின் 66.6 என்றால் 1.4 கிலோ போயிருக்கிறது. அது உடம்பில் இரண்டு சதவீதம், அதற்கு மேல் ஆட்டமும் கவனமும் சரியும். அடுத்த சில மணி நேரத்தில் அதன் ஒன்றரை மடங்கு, சுமார் 2 லிட்டர், சிறிது சிறிதாக உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, மேலே எலுமிச்சை. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீர் குடித்தும் தசைப்பிடிப்பு வருகிறது என்பவர், உப்புப் போட்ட நீர்மோரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சட்டையில் வெள்ளை உப்புக்கோடு விழுகிறவர் கட்டாயம். யாராவது குழறிப் பேசினால், தடுமாறினால், அது தசைப்பிடிப்பு அல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

யாருக்கு எது?

பேட்ஸ்மேனுக்கு ஜிம் இரண்டு நாள், மைதானம் இரண்டு நாள். மணல் தேவையே இல்லை, பிடித்தால் ஞாயிறு 20 நிமிடம். வேகப்பந்து வீச்சாளருக்கு ஜிம் இரண்டு நாள் கட்டாயம், ஸ்பிரின்ட் ஒரு நாள் போதும், ஏனென்றால் ரன்-அப்பே ஓட்டம்தான். மணலை அவர் விட்டுவிடலாம், கெண்டைக்காலும் குதிகாலும் ஏற்கெனவே கடனில் இருக்கின்றன. விக்கெட் கீப்பர் 50 ஓவரில் 300 முறை உட்கார்ந்து எழுகிறார். அவருக்கு ஸ்குவாட்டை 12 முறை மூன்று செட்டாக மாற்றி, பக்கவாட்டுப் பாய்ச்சலையும் சேர்க்க வேண்டும். சுழற்பந்து வீச்சாளருக்குப் பேட்ஸ்மேனின் அட்டவணையே சரி, தோளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி மட்டும் கூடுதல்.

ஞாயிறு மேட்ச் என்றால் செவ்வாய் ஜிம், புதன் மைதானம், வியாழன் பாதி எடையில் ஜிம், சனி வெறும் நான்கு ஸ்பிரின்ட்.

பரீட்சை வரும், ஊரில் கல்யாணம் வரும், அக்டோபருக்குப் பிறகு மைதானம் குளமாகும். அந்த வாரம் முதலில் மணலை விடுங்கள், அடுத்து 15/15 ஓட்டத்தை. நார்டிக்கும் ஒற்றைக்கால் ஸ்குவாட்டும் வீட்டுக் கூடத்தில் 15 நிமிடத்தில் முடியும். மழை விட்ட அரை மணியில் ஏதாவது ஒரு காய்ந்த தெருவில் 20 மீட்டர் நான்கு முறை முழுவேகத்தில் ஓடிவிடுங்கள். பத்து நாளுக்கு மேல் முழுவேகம் தொடாத கால்தான், அடுத்த மேட்ச்சில் எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது கிழிகிறது.